டயரில் வைத்த குங்குமம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சைக்கிள் நிற்கிறது. அதன் பின்சக்கரத்தை ஓர் இரும்பு ஸ்டாண்டு கவ்விப் பிடித்திருக்கும். டயருக்கு அடியில் ஓர் உருளை. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நகராது, உருளைதான் சுற்றும். டிரெய்னர் என்று அதற்குப் பெயர். பக்தர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிற வேன்களுக்கும் தெருநாய்களுக்கும் நடுவே திருப்பதி ரோட்டில் தினமும் பழக முடியாது என்று வாங்கினேன். அதைப் பூட்டிய அன்று என் கணவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“இன்னாமே, ஊட்டுக்குள்ளயே சைக்கிள் வுட்டுக்கினு எங்க போவப் போற?”

“உங்க கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு” என்றேன்.

ஊரில் ஒரு சைக்கிள் குழு உண்டு. ஞாயிறு காலையில் ஏர்பேடு வரை போய்த் திரும்புவார்கள். அதில் இரண்டு பேட்ச். முதல் பேட்ச் வேகமாகப் போகும். இரண்டாவது, வழியில் உள்ள டீக்கடைகளையெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு போகும். பெண்களையும் தலை நரைத்தவர்களையும் கேட்காமலேயே இரண்டாவதில் போட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டு தகுதியும் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது முதல் பேட்ச். திமிர் என்றால் திமிர்தான், அதை மறைக்க நான் தயாராக இல்லை.

முதல் பேட்ச்சில் சேர ஒரு விதி வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, அந்தப் பதிவை வாட்சிலிருந்து குழுவுக்கு அனுப்ப வேண்டும். என்னிடமும் வாட்ச் இருந்தது. சூளூர்பேட்டைக்கு ரயிலில் வேலைக்குப் போகிற என் கணவரின் நண்பர், மடக்கி எடுத்துப் போகிற தன் குட்டி சைக்கிளை ஓட்டுவதை நிறுத்தியபோது, அந்த வாட்சையும் அதன் சென்சாரையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். சென்சாரைப் பின்சக்கரத்தின் நடுவில் ரப்பர் பட்டையால் கட்டினால், சக்கரம் சுற்றுவதை எண்ணி வாட்சுக்குச் சொல்லும்.

முதல் நாள் மிதித்து முடித்தபோது டிரெய்னரின் வேகம் காட்டும் திரை இருபத்தாறு என்றது. வாட்ச் பத்தொன்பது என்றது. உடம்பில் ஒட்டியிருந்த புடவையைப் பிழிந்தால் ஒரு சொம்பு வியர்வை தேறும், அவ்வளவு மிதித்திருந்தேன். இரண்டு திரைகளையும் படம் எடுத்து, குழுவை நடத்துகிற பல் டாக்டருக்கு அனுப்பினேன். தெலுங்குக்காரர், என்னைவிட ரொம்பச் சின்னவர், எங்களோடு தமிழில் பேசுவார். உடனே போன் செய்தார்.

“வாட்ச் பொய் சொல்லாது மேடம். டிரெய்னர் நம்பர் எல்லாம் சும்மா. ரெண்டாவது பேட்ச்ல ஹாயிகா வாங்க.”

எனக்குக் கோபம் வந்தது அந்தப் பத்தொன்பதின் மேல் அல்ல. எது தப்பு என்று ஒருவரும் கேட்கவில்லையே, அதன் மேல். இரண்டு எண்ணில் சின்னது எதுவோ அது என் நரைக்கும் இடுப்புக்கும் பொருத்தமாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். வாட்ச் இருபத்தாறு என்று காட்டியிருந்தால், வாட்ச் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருப்பார்கள். என் கணவரும் அந்தக் கட்சிதான்.

விடவில்லை. சென்சாருக்கு பேட்டரி மாற்றினேன். பட்டையை இறுக்கினேன். வீட்டுக்குள் ஜிபிஎஸ் குழப்புகிறதோ என்று அதை அணைத்தேன். டயருக்குக் காற்றடித்து, உருளையை அதோடு இன்னும் அழுத்திப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. டிரெய்னர் இருபது என்றால் வாட்ச் பதினைந்து என்றது; பதினாறு என்றால் பன்னிரண்டு. மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் வாட்ச் எனக்கு முக்கால் பங்குதான் கொடுத்தது. பழுதான பொருள் இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லாது என்று தோன்றியது. அதற்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. என் கணவர் ஸ்கூட்டரோடு சேர்த்து என் சைக்கிளையும் ஸ்டாண்டிலிருந்து கழற்றி வாசலுக்கு இறக்கினார்.

“எங்கயும் போவாத சைக்கிளுக்கு இன்னாத்துக்கு பூஜை?” என்று வம்புக்கு இழுத்தேன்.

“போவாட்டி இன்னா? அதுவும் வண்டிதான?” என்றார். பின் டயர் மேலேயே ஓரிடத்தில் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமத்தை இட்லிக்குச் சட்னி வைப்பதுபோல் அள்ளி வைத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கற்பூரம் காட்டி, ஈரம் காய்வதற்குள் அப்படியே உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். காலையில்தான் துடைத்த வெள்ளை டைல்ஸ். வாசலிலிருந்து ஸ்டாண்டு வரை சிவப்புச் சிவப்பாகப் பொட்டு!

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஈரத்துணியோடு குந்தினேன். துடைக்கப் போன கை நின்றுவிட்டது. சக்கரம் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ஒரு பொட்டு விழுந்திருந்தது. ஒரு பொட்டுக்கும் அடுத்த பொட்டுக்கும் நடுவில் இருப்பது என் சக்கரத்தின் ஒரு சுற்று. இதைத்தானே அந்த வாட்ச் கணக்குப் போடுகிறது?

“இன்னா தேடிக்கினு கீற?” என்றார் அவர்.

“அந்தத் தையல் டேப்ப எடுங்க, சீக்கிரம்.”

டேப் நூற்றைம்பது சென்டிமீட்டரில் முடிந்துபோனது. அடுத்த பொட்டு இன்னும் வரவில்லை. விரல் வைத்து மறுபடி அளந்தேன். இருநூற்றுப் பத்து. பிறகு வாட்சில் சென்சார் பக்கத்தைத் திறந்து, உள்ளே உள்ளே போய்ப் பார்த்தேன். சக்கர அளவு நூற்றைம்பத்தைந்து என்று இருந்தது. அது நண்பருடைய குட்டி சைக்கிளின் சக்கரம். இத்தனை நாளும் நான் என் சக்கரத்தைச் சுற்ற, வாட்ச் அவர் சக்கரத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறது! அளவைத் திருத்திவிட்டு, குங்குமக் கையோடு ஏறி மிதித்தேன். இரண்டு திரையிலும் இருபத்தாறு.

என் கணவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்த டாக்டரு கைல சொல்லு. டேப்பு எட்த்துக்கினு வந்து பாக்கட்டும்” என்றார். என் கட்சிக்கு ஆள் சேர்ந்தது.

வாட்சில் சக்கர அளவைத் திருத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுதி, அரை மணி நேரப் பதிவையும், பொட்டுகளுக்கு நடுவே டேப் கிடக்கிற படத்தையும் அனுப்பினேன். படத்துக்கு டாக்டர் ஒரு கும்பிடு போட்டார், பூஜைப் படம் என்று நினைத்திருப்பார். பதிவுக்குப் போனில் பதில் சொன்னார்.

“செட்டிங் மாத்தினா யாருக்கு வேணும்னாலும் ஸ்பீடு ஏறும் மேடம். நேனு கூட முப்பத்தஞ்சு காட்டலாம்.”

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அளந்து காட்டினாலும் நம்ப மாட்டார்கள் என்றால், இனி அளப்பது என் வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, யாரையும் கேட்காமல் முதல் பேட்ச்சோடு போய் நின்றேன். டாக்டர் என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

“வாட்ச் எங்க மேடம்?”

“ஊட்ல கீது” என்றேன்.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் கழன்றுகொள்வேன் என்று நினைத்திருக்கலாம். முதல் பேட்ச்சில் ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவார்கள். ரேணிகுண்டா தாண்டியதும் என் முறை வந்தது. எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. ஹாலில் இல்லாத காற்று. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். கொஞ்ச தூரத்தில் எனக்கு நேர் பின்னாலிருந்து டாக்டரின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

“மேடம், மெல்லகா! என் வாட்ச்ல இருபத்தெட்டு காட்டுது!”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. “வாட்ச் பொய் சொல்லாது டாக்டர்!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டு மிதித்தேன்.