கோலாரில் பத்து என்றால் தப்பு

சென்ற டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, என் மகள் யசோதராவை மாவட்டக் கணிதப் போட்டிக்காகக் கோலாருக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போக நினைக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். மற்றபடி நினைத்துப் பார்த்து மகிழும்படியான பயணம் அல்ல.

போட்டிக்கு நான்கு கட்டங்கள். முதலில் பள்ளிக்குள் எழுத்துத் தேர்வு. அதில் இருவர் தாலுகாவுக்குப் போவார்கள். தாலுகாவில் மறுபடி எழுத்து; மூவர் மாவட்டத்துக்கு. மாவட்டத்தில் வாய்மொழிக் கேள்விகள். ஒரே ஒருவர் பெங்களூருக்கு. அங்கே தேறினால் கல்லூரி முடியும்வரை உதவித்தொகை. டைம் ஆபீஸில் ஆட்களின் வருகையைக் குறிக்கும் குமாஸ்தாவின் சம்பளத்தில் யசோதராவைக் கல்லூரிக்கு அனுப்ப எனக்கு வேறு வழி இல்லை. நான் பி.ஏ. படித்தவன். என்னிடம் வேலை கற்ற இருவர் இன்று எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். இல்லை, சொல்லவே வேண்டாம்.

எங்கள் ஊர் மைசூர் மைன்ஸிலிருந்து காலை ஆறு மணிச் சங்குக்குக் கிளம்பினோம். ஆறரைக்குப் பஸ், பங்காருபேட்டைக்கு நாற்பது பைசா, முக்கால் மணி நேரம். யசோதராவின் கையிலிருந்த நோட்டைக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, கணக்கா? எனக்குச் சில்லற கணக்கே ஒரு நாளும் ஒதைக்காம வந்ததில்ல. இந்த சீட்ல நீ குந்திக்கோ, நான் பரீட்சைக்குப் போறேன்.”

அவள் சிரித்தாள். உடன் வந்த கணக்கு வாத்தியார் பங்காருபேட்டையில் இறங்கிவிட்டார். “மாமியார் வூடு இங்கதான் சார். நீங்க முன்னாடி போங்க, அடுத்த பஸ்ல வந்துடறேன்.” கோலார் அங்கிருந்து பதினோரு மைல், ஐம்பத்தைந்து பைசா.

பத்து மணிக்குத் தொடங்கினார்கள். கேள்விகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசியாக யசோதராவும் கோலார்ப் பையன் ஒருவனும் சமமாக நின்றார்கள். தீர்ப்புக்கு ஒரே கேள்வி. நடுவர் வாசித்தார்: ஒரு லிஃப்ட் எட்டாவது தளத்தில் நிற்கிறது; மூன்று தளம் மேலே போய், பிறகு ஐந்து தளம் கீழே வருகிறது; இப்போது எங்கே இருக்கிறது?

“பத்து,” என்றாள் யசோதரா, அவர் வாய் மூடுவதற்குள்.

மண்டபம் சிரித்தது. பையன் ஆறு என்றான். முடிந்தது.

மாடி வீடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆறுதான். எங்கள் ஊரில் லிஃப்ட் இருப்பது தங்கச் சுரங்கத்தில்; அங்கே தளங்களை மேலிருந்து கீழாக எண்ணுவோம். இறங்க இறங்க எண் ஏறும். எட்டிலிருந்து மூன்று ஏறினால் ஐந்து. ஐந்து இறங்கினால் பத்து. ஷிஃப்ட் முடிந்து வரும் அவள் சித்தப்பா தினமும் சாப்பிடும்போது பேசுவது இந்தக் கணக்கைத்தான். அந்த லிஃப்ட் கட்டடத்தில் இருக்கிறது என்று கேள்வியில் எங்கே இருந்தது?

ஆட்சேபணை மேசைக்குப் போனேன். பத்து நிமிடத்துக்குள் எழுதித் தரவேண்டும் என்பது விதி. அங்கிருந்தவருக்குத் தமிழ் தெரியும்.

“நியாயமாத்தான் கீது சார். வாத்தியார் கையெழுத்து போட்டுக் குடுங்க, உள்ள அனுப்பறேன்.”

“நான் அவள் அப்பா.”

“அப்பா செல்லாதுங்க. வாத்தியார்னுதான் போட்டிருக்கு.”

வாத்தியார் முக்கால் மணி நேரம் கழித்து, வெற்றிலை மென்றபடி வந்தார். “இன்னா சார், முடிஞ்சிடுச்சா?”

ஆகவே, போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போங்கள். அக்கம்பக்கத்தில் கிடைப்பது வாயில் வைக்கும்படி இல்லை. தாலுகாச் சான்றிதழை மறக்காதீர்கள். வாத்தியாரின் மாமியார் வீடு வழியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டே போங்கள்.

திரும்பும் பஸ்ஸில் யசோதரா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சுரங்க வாயிலின் பெரிய சக்கரங்கள் தெரியத் தொடங்கியபோது கேட்டாள்: “அவர் கேட்டப்ப நீ மனசுல எவ்ளோ போட்டப்பா?”

நான் ஒரு நாளும் சுரங்கத்துக்குள் இறங்கியவன் இல்லை. அங்கே உழைப்பவர்களின் பெயர்களை எழுதுவதோடு சரி. அவர்களைவிட ஒரு படி மேலானவன் என்றுதான் இத்தனை வருஷமும் எண்ணியிருக்கிறேன்.

“பத்து,” என்றேன்.

“அப்ப நீயும் அவுட்டு,” என்று சொல்லி, என் தோளில் சாய்ந்துகொண்டாள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.