துணைக்குப் போன ரத்தம்

1. உறங்குகிற பிள்ளை

"பிள்ளை உறங்குதான் டாக்டரய்யா, எழுப்புனா எழும்ப மாட்டேங்கான்" என்று வாசலிலேயே கத்திக்கொண்டு பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். அவள் தோளில் மூன்று வயதுச் சங்கரன். தலை பின்பக்கம் தொங்கியது. நெற்றியிலும் இரண்டு கைகளிலும் கோயில் புற்றுமண் அப்பியிருந்தது. பின்னால் ஓட்டமும் நடையுமாக அவனைப் பெற்ற கோமதி வந்தாள். பேச்சியம்மாள் கோமதியின் நாத்தனார். தம்பி குடும்பத்தோடு ஒரே வீடு, ஒரே அடுப்பு. தம்பி தறி ஓட்டப் போய்விட்டால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். நான் அங்கே லேப் டெக்னீஷியன். லேப் என்றால் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு கலரிமீட்டர், ரத்தத்தைப் பிரிக்கக் கையால் சுற்றுகிற சென்ட்ரிஃப்யூஜ், ஒரு ஜன்னல். ஜன்னல் வழியே நாள் முழுக்கத் தறிச்சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்போம், கரண்ட் போய்விட்டதோ என்று.

சங்கரன் எங்களுக்குப் புதியவன் இல்லை. வாந்தி, தள்ளாட்டம், உறக்கம் என்று முன்பும் வந்திருக்கிறான். குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மறுநாள் கண் விழிப்பான். அடுத்த நாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் போடுவான். வீட்டுக்குப் போவான். கொஞ்ச நாளில் மறுபடி தோளில் தொங்கிக்கொண்டு வருவான். மலேரியா இல்லை, மூளைக்காய்ச்சல் இல்லை. நான் பார்க்கத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்து எல்லாவற்றிலும் 'நார்மல்' என்று எழுதிக்கொடுத்திருந்தேன். அந்த நார்மல்கள் மேல் எனக்கே கோபமாக இருந்தது.

அன்று டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து போனதும் இவனுக்கு என்ன குடுப்பீங்க?"

பேச்சியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "என்ன குடுக்கல? உடம்பு தேற வேண்டாமா! காலையில நாட்டுக்கோழி முட்ட, நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி, நாயித்துக்கிழமை ஆட்டு ஈரல். துப்பத்தான் செய்வான். மூக்கப் புடிச்சு ஊட்டிருவேன். இவ குடுத்தாத்தான? பெத்தவளுக்கே பருப்பக் கண்டா ஆகாது. அவள மாதிரியே பிள்ளையவும் வளத்து வச்சிருக்கா. பிள்ள இப்பிடிக் கெடக்கான்னா இவ பட்டினி போட்டதுதான். இந்தத் தடவ அவன் பொழச்சு எந்திரிக்கட்டும், இவள அவ அப்பன் வீட்டுக்கு, ராயகிரிக்கு பஸ் ஏத்தி விட்டுட்டுப் பிள்ளைய நான் வளத்துக்கிடுதேன்."

கோமதி பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அவளிடம் திரும்பினார். "உங்க வீட்டுல, உங்க கூடப் பிறந்தவங்க?"

"தம்பி ரெண்டு பேரு பிறந்தாங்க சார். தங்கல. உறங்கி உறங்கியே போயிட்டாங்க."

டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, முட்டையும் ஈரலும் செரிக்கையில வருத அம்மோனியா ரத்தத்துல தங்குதான்னு பாக்கணும். நம்மகிட்ட முடியாது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோறியா?"

2. ஐஸ் கம்பெனி

இப்போது லேபில் சேருகிற பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். அம்மோனியா பார்க்கிற ரத்தம் ஒரு மாதிரியான விருந்தாளி. வெளியே வந்த நிமிஷத்திலிருந்து அதன் குணம் மாறத் தொடங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்க உப்புப் போட்டு வைத்த வழக்கமான டபுள் ஆக்சலேட் பாட்டிலில் எடுக்கக்கூடாது. அந்த உப்பிலேயே அம்மோனியம் இருக்கிறது. அதற்குப் பதில் ஹெப்பாரினில் எடுக்கவேண்டும். உடனே சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து ஐஸில் வைக்கவேண்டும். பக்கத்தில் பீடி குடித்தால்கூட அளவு கெடும்.

அன்றைய சங்கரன்கோவிலில் அவ்வளவு ஐஸ் கிடைக்கிற இடம் ஐஸ் கம்பெனி ஒன்றுதான். கண்ணெரியும் வாடைக்குள் நின்று, பாளம் உடைக்கிற அண்ணாச்சியிடம் ஃப்ளாஸ்க் நிறைய வாங்கினேன். உப்புப் போட்டு ட்யூபைப் புதைத்தேன். பஸ்ஸில் முன் சீட்டில், புகை வராத பக்கமாக உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன தாயி, காப்பியா? எனக்கும் ஒரு வாய் ஊத்துறது" என்றார் கண்டக்டர்.

"ரத்தம் அண்ணாச்சி."

அதன்பிறகு திருநெல்வேலி வரைக்கும் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

அங்கே பெரிய லேபில் பயோகெமிஸ்ட் ஒருவர் இருந்தார். நிதானமான மனிதர். அளவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஐஸ் எங்கனம்மா வாங்குன?"

"ஐஸ் கம்பெனியில சார்."

"அங்கன தண்ணிய எத வச்சு உறைய வைக்கான்?"

கையிலிருந்த ஃப்ளாஸ்க்கைக் குனிந்து பார்த்தேன். அம்மோனியா. குழாய்க்குழாயாக ஓடுகிற அம்மோனியா. கண்ணெரிந்ததே, அதுதான்.

"இந்த நம்பரு பிள்ளையோடதா, கம்பெனியோடதான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நம்பர் தாரேன். பக்கத்துல சந்தேகம்னு எழுதியும் தாரேன். அடுத்த தடவ சீக்கு இல்லாத ஒரு ஆளு ரத்தத்தையும் சேத்துக் கொண்டா. ஒரே ஐஸு, ஒரே ஃப்ளாஸ்க்கு, ஒரே பஸ்ஸு. ரெண்டும் ஏறுனா ஐஸு பண்ண வேலை. ஒண்ணு மட்டும் ஏறுனா அது பிள்ளை."

திரும்பி வரும்போது வழியெல்லாம் பனைகள் பின்னால் ஓடின. என் மடியில் ஃப்ளாஸ்க் காலியாகக் கிடந்து குலுங்கியது. போகும்போது இருந்ததைவிட அது கனமாக இருந்தது.

3. யாருடைய கை

சங்கரன் டிரிப்பில் லேசாகக் கண் திறந்திருந்தான். பேச்சியம்மாள் கட்டிலுக்கு அந்தப்பக்கம் பாத்திரத்தோடு நின்றாள்.

"பிள்ள முழிச்சிட்டான். இன்னும் எத்தன நாளைக்கு இந்தச் சீனித்தண்ணி? காஞ்ச கருவாடாப் போயிட்டான். டிரிப்ப எடுங்க, நான் வீட்டுக்குக் கொண்டுபோயித் தேத்துதேன்."

டாக்டர் என் கையிலிருந்த சீட்டைப் படித்தார். சந்தேகம் என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. என் பக்கம் குனிந்து சொன்னார்: "என் நினைப்பு சரின்னா முட்டை இவனுக்கு விஷம். தப்புன்னா, தேற வேண்டிய பிள்ளையை நான் காயப்போடுதேன். குளுக்கோஸ் ஏற ஏற ரத்தத்துல அம்மோனியா இறங்கிரும். இப்ப திருநெல்வேலி லேபை மூடியிருப்பாங்க, நாளைக்குக் காலையில எடுத்தாகணும். விட்டா சாட்சி போயிரும்."

பேச்சியம்மாளுக்குக் காது கூர்மை. "என்ன சாட்சி? என் முட்டை மேலயா பழி?"

டாக்டர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு ரத்தம் போகவேண்டும் என்பதையும் சொன்னார். நான் என் கையை நீட்டினேன், என்னுடையதை எடுத்துக்கொள்ளலாம் என்று.

"உன் ரத்தம் எதுக்குட்டி?" என்றாள் பேச்சியம்மாள். "நீ ஆஸ்பத்திரி ஆளு. என்னய எடு. அவன் தின்ன முட்டதான் நானும் தின்னேன். அதே களி, அதே சட்டி. இன்னிக்கு ராத்திரியும் ரெண்டு முட்டை அவிச்சுத் தின்னுட்டு வாரேன். என் முட்டையில விஷம் இருந்தா என் ரத்தத்துலயும் இருக்கணும்லா? ஊரறியப் பாத்திருவோம்."

காலையில் சொன்னபடி வந்தாள். வாயில் முட்டை வாசம் அடித்தது. புற்றுமண் பூசியிருந்த அவள் கையில் ஸ்பிரிட் பஞ்சை வைத்ததும் "சாமி மண்ண அழிக்காத" என்றாள். "இம்புட்டு இடம் மட்டும் ஆச்சி... அம்மா" என்று தடுமாறினேன். "ஆச்சியா! எனக்கு என்ன வயசுன்னு நெனச்ச?" என்று அவள் முறைத்துக்கொண்டிருந்தபோதே ஊசியைக் காட்டினேன்.

அவ்வளவுதான். ஊரையே அடக்குகிற மனுஷிக்கு முகம் வெளுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இன்னொரு கை காற்றில் துழாவிப் பக்கத்தில் அகப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டது. அது கோமதியின் கை. ரத்தம் சிரிஞ்சில் ஏறி முடிகிறவரை அவள் விடவில்லை. கோமதியும் எடுத்துக்கொள்ளவில்லை.

சங்கரனிடமும் எடுத்தேன். இந்த முறை இரண்டு ட்யூபையும் கார்க்கிட்டு, மெழுகு உருக்கி மூடினேன். ஐஸை அண்ணாச்சி வெளியே வெயிலுக்கே கொண்டுவந்து உடைத்துத் தந்தார். அப்படியும் மனது நம்பவில்லை. மனது நம்பாததால்தானே இரண்டாவது ட்யூப்.

4. ஏறியதும் ஏறாததும்

பேச்சியம்மாளின் அளவு நார்மல். என் வேலையில் அந்தச் சொல்லுக்காக நான் சந்தோஷப்பட்ட நாள் அது. பக்கத்தில் சங்கரனுடையது, இறங்கியிருந்தும், பல மடங்கு உயரத்தில் நின்றது. பயோகெமிஸ்ட் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். முந்தின சீட்டை வாங்கி, சந்தேகம் என்ற சொல்லைத் தன் கையாலேயே அடித்தார்.

சங்கரனின் சிறுநீரை டாக்டர் தொலைவில் ஒரு பெரிய இடத்துக்கு அனுப்பினார். சில வாரம் கழித்து, ஓர் என்சைம், அதாவது நொதி, குறைந்தால் கூடுகிற ஓரோட்டிக் அமிலம் அதில் அதிகம் என்று தகவல் வந்தது. அதை வைத்து டாக்டர் அந்த என்சைமுக்குப் பெயர் சொன்னார்: ஆர்னித்தீன் டிரான்ஸ்கார்பமைலேஸ். சாப்பிடுகிற புரதம் உடைந்தால் அம்மோனியா வரும். ஈரல் அதை யூரியாவாக மாற்றி வெளியே அனுப்பும். அந்த மாற்றுகிற வரிசையில் ஒரு படி இந்த என்சைம்.

வீட்டாருக்குச் சொல்வதற்காக அவர் மூன்று வட்டங்களை ஒட்டி ஒட்டி வரைந்தார். "இது மூணு துண்டு. மூணும் ஒண்ணு போல இருக்கும். ஆனா வேலை துண்டுக்குள்ள மட்டும் நடக்காது. ஒண்ணும் இன்னொண்ணும் சேருத இடுக்குலதான் நடக்கும்."

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இது அடுப்புல்லா?"

டாக்டர் பேனாவை நிறுத்தினார்.

"மூணு கல்லு. கல்லுக்குக் கல்லு இடுக்கு. இடுக்கு வழியாத்தான விறகு வைப்போம்."

"அதேதான். இவனுக்குக் கல்லு சரியா அமையல. தீ பிடிக்குது, ஆனா முணுக்கு முணுக்குன்னு எரியுது."

"அப்ப விறகக் கொறச்சுல்லா வைக்கணும்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளுக்கே உரிய மிடுக்கு திரும்பியது. "எப்பிடியும் இது இவ வீட்டுச் சீக்குதான?"

"அவங்க வழியா வந்ததுதான். உங்க மூக்கு உங்க அப்பா மூக்கு. அதுக்கு யாரு மேல கேஸ் போடுவீங்க?"

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே கோமதி முதல்முறையாகத் தானாகப் பேசினாள். "பருப்பு வாசம் எனக்கு ஆகாது சார். சின்னதுல இருந்தே. திமிருன்னாங்க."

"திமிரு இல்ல. உங்க உடம்புக்கும் அந்த அடுப்புல பாதிதான் எரியுது. அது நாக்குக்குச் சொல்லியிருக்கு."

பேச்சியம்மாள் கோமதியை ஒரு பார்வை பார்த்தாள். மன்னிப்பெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. "இங்கன வா, உக்காரு. நின்னுக்கிட்டே இருக்க" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். ராயகிரி பஸ்ஸைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

இனி சங்கரனுக்குச் சோறு, காய், பழம். பருப்பு டாக்டர் சொன்ன அளவு. கூடவே, அம்மோனியாவை வெளியேற்றச் சோடியம் பென்சோயேட் கலந்த ஒரு மருந்து; ஊறுகாய் கெடாமலிருக்கப் போடுவதுதான் என்றார் டாக்டர். "ஊறுகாயில போடுததா? அப்ப பிள்ள கெட்டுப் போக மாட்டான்" என்றாள் பேச்சியம்மாள். காய்ச்சல் கண்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். சில தடவை பயமுறுத்தினான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போனான்.

5. ஆடித்தபசுக் கூட்டத்தில்

பல வருஷம் கழித்து அந்த என்சைமின் படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். மனித உடம்பின் என்சைமையே படிகமாக்கி, ஒவ்வொரு மடிப்பாக வரைந்திருந்தார்கள். நாடா நாடாவாகச் சுருண்டு, மூன்று துண்டுகள் ஒன்றையொன்று அணைத்து உட்கார்ந்திருந்தன. வேலை நடக்கிற இடம், டாக்டர் சொன்னபடி, அண்டை அயலார் இருவருக்கு நடுவே. தனியாக ஒரு துண்டை எடுத்து வைத்தால் அது வெறும் கல்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று. ஓர் ஆடித்தபசுத் திருநாள். தெருவை அடைத்துக் கூட்டம். சங்கரன் அப்போது டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போகிற பையன். யாரோ சொந்தக்காரர் பாசமாக ஒரு கை சுண்டலை அவன் கையில் வைத்தார். கூட்டத்துக்கு மேலே ஒரு குரல் எழும்பியது.

"ஏலே! அவனுக்குச் சுண்டல் குடுத்த கைய ஒடிச்சுருவேன்! அவனுக்கு அடுப்பு சின்னதுவே!"

பக்கத்தில் கோமதி சிரித்துக்கொண்டு நின்றாள். சங்கரன் கையிலிருந்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் பாதியை அத்தையின் உள்ளங்கையில் கொட்டினான். மீதியில் இரண்டை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, மற்றதையும் அவளிடமே கொடுத்துவிட்டு ஓடினான். அவள் தின்றுகொண்டே அவன் போன திசையைப் பார்த்தாள்.

லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். மிஷின் ஒரு எண்ணைத் துப்பியதும் அதை நம்பாதீர்கள், தூக்கி எறியவும் செய்யாதீர்கள். ஐஸ் எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். சந்தேகமான ரத்தத்தை ஒருபோதும் தனியாக அனுப்பாதீர்கள். அதே சட்டியில் தின்ற இன்னொருவர் ரத்தத்தைத் துணைக்கு அனுப்புங்கள். முடிந்தால், உங்களோடு சண்டை போடுகிற ஆளின் கையைத் தேடுங்கள். அந்த ரத்தம் சொன்னால் வீடே கேட்கும்.