பாட்டு நின்றால் ஆள் உள்ளே

இது கதை இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பட்டப்பகலில், எங்கள் ஷெட்டில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது பொய்யாக இருந்திருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யாரும் இருக்க மாட்டான்.

நான் வசந்தகுமார், எலக்ட்ரீஷியன். எங்களிடம் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கலவை டிரம் உண்டு. சுத்தம் செய்ய உள்ளே இறங்குகிறவர் முதலில் ஷெட்டில் நாள் முழுக்கப் பாடும் ஸ்டீரியோவை நிறுத்த வேண்டும். பாட்டு நின்றால் ஆள் உள்ளே. பாட்டு ஓடினால் டிரம் சுவிட்சைப் போடலாம். சுவிட்சுக்குப் பூட்டு, எச்சரிக்கைக்குச் சிவப்பு அட்டை எல்லாம் காகிதத்தோடு சரி.

பழைய சிடிகள் தேய்ந்துவிட்டன. தகரக் கூரைக்குள் எஃப்எம் எடுக்காது. கம்ப்யூட்டர் வைக்க முதலாளி விடவில்லை. நானே உள்ளங்கை அளவில் ஒரு டப்பா வாங்கி, வைஃபையில் இணைத்து, ஸ்டீரியோவில் செருகினேன். இன்டர்நெட் பாட்டு கொட்டியது. இரண்டு நாள் நான்தான் அங்கே ராஜா.

புதன்கிழமை மதியம் 3:17. பாட்டு நின்றது. கொர்ர்ர்... பிறகு ஓர் ஆண் குரல்.

"உள்ள இருக்கேன்... போடாத..."

ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். டிரம் காலி.

வியாழன், 3:17. அதே குரல். காலி. வெள்ளியும் அப்படியே. சூப்பர்வைசர் அரசப்பன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா வசந்து, உன் டப்பா டெய்லி பேஜாரு பண்ணுது?"

"வேற ஸ்டேஷன் குறுக்க வந்துகினு இருக்குதுண்ணே."

அப்படிச் சமாளித்தாலும், டப்பா எப்போது என்ன பாடியது என்ற பதிவைப் போனில் எடுத்துப் பார்த்தேன். 3:17க்குப் பாட்டு நின்றதாகவே அதில் இல்லை.

சனிக்கிழமை காலை, யாருக்கும் தெரியாமல் டப்பாவைப் பிடுங்கி என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். பயந்துவிட்டான் என்று கேலி செய்வார்களே... வெட்கம். யாரிடமும் சொல்லவில்லை.

நெட் போச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள். வேலை நிற்குமா? பாட்டு இல்லாமலே டிரம்மை ஓட்டினார்கள்.

அன்று காண்டிராக்டர் ஒரு புது ஆளை அனுப்பியிருந்தார். பெயர் எட்வர்ட். மதியம் டிரம் சற்று நின்றபோது அவர் உள்ளே இறங்கியிருக்கிறார். நிறுத்துவதற்குப் பாட்டே இல்லை. எங்களுக்குத் தெரியவும் இல்லை.

3:17.

"உள்ள இருக்கேன்... போடாத..."

அரசப்பன் சிரித்தார். "ஆரம்பிச்சிடுச்சுடா உன் டப்பா." கை சுவிட்சுக்குப் போனது.

டப்பா என் டிராயரில்...

சாவி என் பாக்கெட்டில்...

அப்படியானால்... ஆள்!

வாய் திறக்க ஒரு நொடி ஆனது. "அண்ணே, வேணாம்..."

டிரம் சுற்றியது.

தட்...

தட்...

நிறுத்தினோம். எந்தப் பயனும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் எட்வர்டின் மனைவி ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரவெல்லாம் என்னை அரித்ததைச் சொல்லிவிட்டேன்.

"அவரு கத்துனது என் காதுல உழுந்துச்சும்மா. டப்பாவ கழட்டிட்டேன்னு காலையிலயே சொல்லியிருந்தா... நான்தாம்மா சாவடிச்சிட்டேன்..."

அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"யாரு கத்துனது? அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே பேச்சு வராதுண்ணா."