பார்லர் அக்காவும் மூன்று ரீல் படமும்

முதல் நாள் அவள் வகுப்பறைக்குள் நுழைந்ததும் உள்ளே இருந்த பதினெட்டுப் பிள்ளைகளும் எழுந்து நின்று, "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். அவள் போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தாள். நின்றவர்கள் அசடு வழிய ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். திரைப்பட வரலாறும் கோட்பாடும் படிக்கிற முதுகலை வகுப்பு அது. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள் என்று தெரிந்ததும் 'மேடம்' போய் 'பார்லர் அக்கா' வந்தது. அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோயிருந்தது. அப்புறம் கல்யாணம், மகள், கடை. நாற்பது வயதில் தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கினாள். தபாலில் பாடம் வரும், பெஞ்ச் வராது. வகுப்பில் உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவளிடம் பேனா இரவல் கேட்க வேண்டும், வாத்தியார் கேள்வி கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் மனசுக்குள் ஆசையாகவே கிடந்தது.

எத்தனையோ படிப்பு இருக்க சினிமாவை எடுத்ததற்குக் காரணம் ஹேர் டிரையர்தான். அவள் பார்லரில் இரண்டு டிரையர்கள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சுவரில் டி.வி. இருந்தது. அதில் நாள் முழுக்கப் படம் ஓடியது. ஒரு சொல் காதில் விழாது. பத்தொன்பது வருஷம் அவள் எல்லாப் படத்தையும் ஊமைப் படமாகவே பார்த்தாள். யார் பொய் சொல்கிறான், யார் யாரை விட்டுப் போகப் போகிறாள் என்பதை முகத்தையும் கையையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். கதாநாயகன் தலையில் இருப்பது விக் என்றால் அவன் வாசல்படி தாண்டுவதற்குள் சொல்லிவிடுவாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "படம் பாக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "நான் முப்பது வருஷமா லிஃப்டுல ஏறி எறங்கிட்டு இருக்கேன். எனக்கு எவனாவது டாக்டர் பட்டம் குடுத்தானா?" இவ்வளவும் பேசிவிட்டு மறுநாள் லீவு போட்டுப் போய் விண்ணப்பப் படிவத்துக்கு வரிசையில் நின்றவரும் அவர்தான். காலையில் கடையைத் தங்கை பார்த்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அக்கா கத்தரியைப் பிடித்தாள்.

வரலாற்றுத் தாளில் அவள் வெளுத்து வாங்கினாள். கோட்பாடுதான் காலை வாரிவிட்டது. 'அர்த்தம் என்பது எப்போதும் ஒத்திப்போடப்படுகிறது' என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி. அதன் ஓரத்தில் அவள் பென்சிலால் 'எந்தத் தேதிக்கு?' என்று எழுதி வைத்திருந்தாள். முதல் பருவத்தில் கோட்பாட்டுக்கு முப்பத்தொன்று வந்தது. அடுத்த பருவக் கட்டுரையில் ஐம்பது எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. ஐம்பது என்றால் இரண்டாம் ஆண்டு, நாற்பத்தொன்பது என்றால் திரும்ப டிரையர் சத்தம்.

"சேஃபான தலைப்பா எடுத்துக்குங்க" என்றார் பேராசிரியர். அவருக்கு முப்பத்தாறு வயது. நல்ல மனிதர், கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி. அக்காவும் சேஃபான தலைப்பு எடுக்கும் எண்ணத்தில்தான் இருந்தாள். அடுத்த வாரமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு வகுப்பில் துறையின் செல்லப்பிள்ளையான ஊமைப் படத்தைப் போட்டார்கள். தலைப்பு அழிந்துபோய்விட்டதால் 'மூன்று ரீல் படம்' என்றே அதற்குப் பெயர். முதல் ரீலில் முழங்கால் வரை கூந்தல் உள்ள ஒரு பெண். வீட்டில் எல்லோரும் அந்தக் கூந்தலையே கொண்டாடுகிறார்கள். இரண்டாம் ரீலில் அவளுக்குக் கழுத்தோடு வெட்டிய முடி. தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கையைப் பின்னங்கழுத்தில் வைத்துக்கொள்கிறாள். மேசைமேல் காகிதத்தில் அரைகுறையாகச் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று கிடக்கிறது. மூன்றாம் ரீலில் திரும்பவும் நீளக் கூந்தல். சிரித்துக்கொண்டே தெருவில் நடந்து போய் ஒரு கதவுக்குள் நுழைகிறாள். கதவு மூடிக்கொள்கிறது. படம் முடிந்தது.

"ரெண்டாவது ரீல் இழப்பு. மூணாவது ரீல் கனவு. கதவு மூடறது மரணம்" என்றார் பேராசிரியர், குரல் லேசாகக் கம்ம. இருபது வருஷமாக அந்தத் துறையில் இதுதான் பாடம். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே அந்தக் கதவைப் பற்றியதுதான். மேசைமேல் கிடப்பதைத் துறையில் 'பெயரற்ற பொருள்' என்பார்கள். பாம்பு என்று ஒருவரும் கயிறு என்று ஒருவரும் எழுதியிருந்தார்கள். அது எதுவுமே இல்லை, இன்மையின் குறி என்று மூன்றாமவர் நாலு பக்கம் எழுதியிருந்தார்.

அக்கா கையைத் தூக்கினாள். "சார், அது சடை."

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரெண்டு பக்கமும் நூல் கட்டியிருக்கு பாருங்க. நீள முடியை வெட்டறதுக்கு முன்னாடி அப்படித்தான் கட்டணும், இல்லன்னா கொட்டிப் போயிடும். அந்தப் பொண்ணு முடி வெட்டிக்கிட்டு வந்திருக்கா. அந்தக் கதவு சலூன் கதவு சார். மூணாவது ரீல்தான் ரெண்டாவதுக்கு முன்னாடி வரணும்."

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் நியாயமான மனிதர், யோசித்துத்தான் பேசினார். "அது சடைங்கறதை ஒத்துக்கறேன். நீங்க சொன்னப்புறம் வேற எதுவாவும் தெரியமாட்டேங்குது. ஆனா சடையை வெட்டினவளுக்கு, சடை இருக்கற மாதிரி கனவு வரலாமே? வரிசை மாறினதுக்கு அது ஆதாரம் ஆகாது."

சரியான கேள்விதான்.  ஆனாலும் அக்கா பிடித்த பிடியை விடாமல் அதையே கட்டுரைத் தலைப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, மார்க் போடப் போறவரோட ஆராய்ச்சியையே தப்புங்கறீங்க. உங்களுக்கு ரெண்டாவது வருஷம் வேணுமா வேண்டாமா?"

வேண்டும். ரொம்பவே வேண்டும். நான்கு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் மட்டும், "படத்துல அந்தப் பொண்ணு எத்தனாவது மாடியில இருக்கா?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தார்.

ஐந்தாவது நாள் பார்லரில் சாயக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் கை அப்படியே நின்றது. முன்பு ஒரு தடவை அவள் சாய டப்பாக்களின் மூடியைக் கழுவி மாற்றிப் போட்டுவிட்டாள். கறுப்பு மூடி கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. ஒரு வங்கி மேலாளர் அம்மா தலை முழுக்க ஊதாவாகி, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் ஒரு மாதம் இந்தத் தெருப்பக்கமே வரவில்லை. அன்றிலிருந்து அக்கா மூடியை நம்புவதில்லை. டப்பாவின் உடம்பில் எழுதி வைப்பாள்.

மறுநாள் காலை அவள் நேராகத் துறையின் படக் காப்பறைக்குப் போனாள். அதன் பொறுப்பாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சாவிக்கொத்து. இடுப்பில் அவ்வளவு சாவி தொங்கும்.

"அண்ணா, அந்த மூணு ரீல் டப்பா இருக்கே, அதுல நம்பர் எங்க எழுதியிருக்கு?"

"மூடியில."

"டப்பாவுல?"

"டப்பாவுல எதுக்கு? மூடியிலதான் இருக்கே."

"எப்பவாவது தெறந்து பாத்திருக்கீங்களா?"

சாவிக்கொத்து சங்கடமாகச் சிரித்தார். அதைத் திறக்கத் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு யாரும் அந்த டப்பாக்களைத் தொடவில்லை. ஏற்றியவரும் மூடியில் இருந்த நம்பரைப் பார்த்துத்தான் ஏற்றினார்.

கையெழுத்து வாங்கித் தந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பேராசிரியரேதான். விஷயத்தைக் கேட்டதும் மேசைமேல் இருந்த தன் ஆய்வேட்டை எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம், "வாங்க" என்று முன்னால் நடந்தார். தன் எட்டு வருஷ உழைப்பைத் தானே போய்ச் சோதித்துப் பார்க்க ஒரு தைரியம் வேண்டும். அக்காவுக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த நடையைப் பார்த்துத்தான்.

சாவிக்கொத்து வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு 2 என்று மூடியில் எழுதிய டப்பாவைத் திறந்தார். வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் கதவில் தொங்கினார்கள். பிலிமின் ஆரம்பத் துண்டை ஒரு முழம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, பேராசிரியரிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். ஊசியால் கீறிய எழுத்து. இது எத்தனையாவது ரீல் என்று, படத்தை எடுத்தவர்களே பிலிமில் கீறி வைப்பது அந்தக் கால வழக்கம்.

பேராசிரியர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூணு" என்றார்.

அடுத்த டப்பாவில் இரண்டு இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ இரண்டு டப்பாவையும் சேர்த்துத் துடைத்து, மூடியை மாற்றி மூடியிருக்கிறார்கள். ஒரு பெண் முடிவெட்டிக்கொள்ளப் போனதை இருபது வருஷமாக ஒரு துறையே மரணம் என்று பாடம் நடத்தியிருக்கிறது. கதையை நம்பாதே, கதைக்குப் பின்னால் பார் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்களுக்குத்தான் இப்படித் தவற முடியும். எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், முன்னே பின்னே மாறிவிட்டது என்று அன்றைக்கே சொல்லியிருப்பார்.

 பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திடீரென்று தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அக்கா பதறிப்போனாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். "அவ சாகலை" என்றார். "எட்டு வருஷமா நான் அவளுக்காகத் துக்கம் கொண்டாடிட்டு இருந்தேன். அவ சாகவே இல்லை!"

இதோடு முடிந்தது, இனி மார்க் தானாக வந்துவிடும் என்று பிள்ளைகள் அக்காவைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பேராசிரியர்தான் நிறுத்தினார். "வரிசையை நிரூபிச்சது வரலாறு. அதுல நீங்க ஏற்கெனவே பாஸ். இது கோட்பாட்டுத் தாள். வரிசை மாறினா படம் என்ன சொல்லுதுன்னு கட்டுரையைப் பத்தி நடக்கற நேர்காணல்ல நீங்கதான் சொல்லணும். மார்க் நான் போடல, வெளியிலேர்ந்து ஒருத்தங்க வராங்க. நான் போட்டா சரியா இருக்காது." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். 

வந்த தேர்வாளர், சிரிப்பை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார். சரியான வரிசையில் படத்தை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். விளக்கைப் போடச் சொன்னார்.

"உங்க கட்டுரையில மேற்கோள் ரொம்பக் குறைச்சல்."

"ஆமாங்க மேடம்."

"சரி. ஒருத்தி முடி வெட்டிக்கிறா. இதுல கோட்பாடு எங்க இருக்கு?"

பெரிய பெரிய சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தாள். ஒன்று கூட வாய்க்கு வரவில்லை.  வந்தது வரட்டும் என்று, டிரையர் சத்தத்தில் படம் பார்க்கிறவளாகப் பேச ஆரம்பித்தாள்.

"மேடம், மொதல் ரீல்ல அவ முடியை எல்லாரும் தொடறாங்க. புருஷன் தொடறான், மாமியார் சீவி விடறாங்க, நாத்தனார் பின்னி விடறா, வந்தவங்க போனவங்க எல்லாம் தூக்கித் தூக்கிப் பாக்கறாங்க. நான் ஒவ்வொரு ஷாட்டா நிறுத்தி எண்ணினேன். மொத்தம் பதினோரு பேர் கை. அவ கை மட்டும் ஒரு தடவை கூட இல்ல. தெருவுல நடக்கற ரீல்ல யாருமே தொடல. கடைசி ரீல்ல ஒரே ஒரு கை அவ கழுத்துக்குப் போகுது. அது அவளோட கை."

தேர்வாளர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "கையை எண்ணினீங்களா?"

"எண்ணினேன் மேடம்."

"இதை ஏன் கட்டுரையில எழுதல?"

"இதெல்லாம் கோட்பாடுன்னு எனக்குத் தெரியாது."

தேர்வாளர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் மேசைக்கடியில் இருந்த தன் நோட்டில் 'பதினோரு கை' என்று அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார். தேர்வாளர் கட்டுரையை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ரெண்டாவது வருஷத்துல எந்தத் தாள் எடுக்கறதா இருக்கீங்க?"

அக்கா என்ன பதில் சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வராந்தாவுக்கு வந்து கணவருக்கு போன் போட்டாள். அவர் அப்போது ஏதோ ஒரு கட்டடத்தில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். உள்ளே ஐந்து பேர்.

"நான் பாஸு" என்றாள் அக்கா. அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு கணவர் லிஃப்டின் கூரையைத் தட்டித் தட்டி, "சார், என் சம்சாரம் பாஸ் பண்ணிட்டாங்க! சினிமாவுல எம்.ஏ.! ரெண்டாவது வருஷம் போறாங்க!" என்று கத்துவது அவ்வளவும் போனில் கேட்டது. உள்ளே இருந்தவர்கள் முதலில் தங்களைக் கீழே இறக்கிவிடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கையும் தட்டினார்கள்.