எட்ருஸ்கன் விளக்கும் எங்கள் சம்பந்தியும்

வெண்கல விளக்கை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப் போகிறது? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து கதை கேட்கிறாய். பொங்கினால் என்னைத் திட்டாதே.

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு நானும் மருமகளின் அம்மாவும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்திருந்தோம். மருமகள் சனிக்கிழமைகளில் உலோக வார்ப்பு கிளாஸுக்குப் போவாள். ரோமாபுரிக்கும் முந்தி இத்தாலியில் எட்ருஸ்கன் என்று ஒரு ஜனம் இருந்ததாம். அவர்களுடைய தொங்குவிளக்கைப் படத்தில் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள். வட்டத் தட்டு, ஓரமெல்லாம் திரி போடும் மூக்குகள். அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி அடியில் ஒரு பெண் முகம். விழியை உருட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். நம்மூர் திருஷ்டி பொம்மையேதான்.

முதலில் அதை மெழுகில் செய்ய வேண்டும். மேலே மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தப் பள்ளத்தில் வெண்கலத்தைக் காய்ச்சி ஊற்றுவார்களாம். சாப்பிடும்போது எங்கள் இருவருக்கும் சொன்னாள். நான் கேட்டேன். சம்பந்தி போனில் சீரியல் பார்த்தார்.

மெழுகு விளக்கு முடிந்தது. மறுநாள் கிளாஸில் மண் பூசியாக வேண்டும். தவறினால் வார்ப்பு அடுத்த செமஸ்டரில்தான். அன்று வெள்ளிக்கிழமை. புது விளக்கை வெறுமனே வைக்கக் கூடாதென்று, நான் குளித்துவிட்டு வருவதற்குள் சம்பந்தி மௌரி அவென்யூ கடை நல்லெண்ணெயை ஊற்றி, எல்லா மூக்கிலும் திரி போட்டு ஏற்றிவிட்டார். தட்டு சரிந்து, அடியிலிருந்த முகம் தோசையாகிவிட்டது.

ஆபீஸிலிருந்து வந்த மருமகள் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு உருக்கத்தானடி போறே? ஒரு வேலை மிச்சம்" என்றார் சம்பந்தி.

"மண்ணு பூசினப்புறம்தாம்மா உருக்கணும்."

அப்போதுதான் சம்பந்திக்கு விஷயம் புரிந்தது.

மருமகள் அழுதுகொண்டே தட்டையும் மூக்குகளையும் திரும்பச் செய்ய ஆரம்பித்தாள். முகத்துக்கு மெழுகை என்னிடம் நீட்டி, "அத்தை, நீங்க கொழுக்கட்டை நல்லாப் பிடிப்பீங்கல்ல?" என்றாள். பிடிப்பேன், ஆனால் பார்த்துச் செய்ய ஒரு முகம் வேண்டாமா? எதிரே சம்பந்தி கண்ணை உருட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறெங்கே தேடுவது?

மறுநாள் மண் பூசி, பிறகு வார்த்தும் ஆயிற்று. இப்போது விளக்கு ஹாலில் தொங்குகிறது. சம்பந்தி தினமும் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் எந்த சாமி என்று கேட்டார்கள்.

"இத்தாலிக்கார சாமிம்மா. முகம் மட்டும் எங்க சம்பந்தி. அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க, அப்புறம் தினம் பிரசாதம் கேப்பாங்க" என்றேன்.