கையால் தொட்டுக் கட்டிக்குப் பெயர் சொல்லாத காதர்

காதர் போன செய்தி வந்தபோது ஆனையூரில் என் கிளினிக்கில் ஒரு நாய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். மாரடைப்பு என்றார் அவனுடைய கம்பவுண்டர். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது ஒரு நிம்மதி. இந்த அஞ்சலியைப் படிக்கும், அவனை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? துக்கம் அரைமணி நேரம் கழித்து வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

கால்நடை மருத்துவம் இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம். நான் முதல் மாணவன். அவன் என் நோட்டை வாங்கிப் படித்துத் தேறியவன். ஆனால் ஆனையூர்க்காரர்களே என் வாசலைத் தாண்டி, நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோரிப்பாளையத்துக்கு அவனிடம் போனார்கள். எனக்கு வயிறு எரியும். இனிக்க இனிக்கப் பேசி ஆளைப் பிடிக்கிறான் என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஒரு அம்மா கொண்டுவந்திருந்த கிழட்டு நாயின் உடம்பெல்லாம் மரு. காதர் ஒரு தாளில் நாயை வரைந்தான். படம் ஆட்டுக்குட்டி போலிருந்தது. அந்த அம்மாவின் விரலையே ஒவ்வொரு புடைப்பின்மேலும் வைக்கச் சொல்லி, "இது எம்புட்டும்மா இருக்கு?" என்று கேட்டான். "நெல்லு அளவு." "இது?" "கடலை." அப்படியே படத்தில் குறித்தான்.

"வீட்டுல ஒட்டி வைங்க. கடலை நெல்லிக்காயாச்சுன்னா, இல்ல புண்ணாச்சுன்னா, மறுநாளே வாங்க" என்றான். பிறகு தோலுக்கடியில் இருந்த ஒரு கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்தி, வந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தான்.

"தொட்டாலே தெரியுதேடா, கொழுப்புன்னு" என்றேன்.

"தொட்டா கட்டி இருக்குன்னுதான் தெரியும் மாப்ள. என்ன கட்டின்னு ஊசிதான் சொல்லணும்."

அன்று அது கொழுப்புதான். நான் சிரித்தேன். அவனும் கூடச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு மேலூர் பாண்டி அண்ணனால் அடங்கியது. அவருடைய சிப்பிப்பாறை நாயின் தொடையில் மெத்தென்று ஒரு கட்டி. தடவிப் பார்த்து, "கொழுப்புண்ணே, ஒண்ணும் செய்யாது" என்று அனுப்பிவிட்டேன். அது ஒருநாள் வீங்குவதும் மறுநாள் வற்றுவதுமாக இருக்கவே, பயந்துபோய்க் காதரிடம் காட்டியிருக்கிறார். ஊசியில் தோல் புற்று என்று தெரிந்தது. சுற்றியிருந்த நல்ல சதையையும் சேர்த்து அகலமாக வெட்டியெடுத்தான். நாய் பிழைத்தது. பாண்டி அண்ணன் என்னிடமே வந்து, "ஒங்க மேல தப்பில்லையாம் டாக்டரு. கையில பாத்தா யாருக்கும் அப்படித்தான் தெரியுமாம். காதர் சொன்னாரு" என்றார். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அதனால்தான் என் நாய் ரோஸியை அவனிடம் காட்டவில்லை. பதினோரு வயது அவளுக்கு. முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு கட்டி. கொழுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டேன். என் மனைவி எனக்குத் தெரியாமல் காதருக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் என்னைக் கூப்பிட்டு, "நான் வாரேன் மாப்ள, ஒரு ஊசிதான" என்றான். வேண்டாம் என்றேன். அடுத்த மாதமும் கேட்டான். "எனக்குப் பாக்கத் தெரியாதா?" என்று கடிந்தேன். அவன் குத்திப் பார்த்து அது வேறாக இருந்துவிட்டால், என் வீட்டிலேயே நான் தோற்றுப்போவேன் என்று பயம்.

அடக்கம் முடிந்து வந்ததும் ரோஸியைப் படுக்கவைத்து நானே ஊசி குத்தினேன். கண்ணாடித் துண்டில் கொழுப்பு இல்லை. மறுநாளே கட்டியை அறுத்தெடுத்து லேபுக்கு அனுப்பினேன். புற்று என்று பதில் வந்தது. வெட்டிய விளிம்புவரை பரவியிருக்கிறது என்றும். அவன் முதலில் கேட்டபோது அது சின்னது. முழுதாக எடுத்திருக்கலாம்.

இனி ஊசி குத்தாமல் எந்தக் கட்டிக்கும் பெயர் சொல்ல மாட்டேன். காதரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது. பொறாமையும் என்னிடம்தான் இருக்கிறது. இதை எழுதும்போது ரோஸி என் காலடியில் படுத்திருக்கிறாள். இவளை அவன் பிழைக்கவைத்திருப்பான் என்று நினைத்தால் இப்போதும் எரிகிறது.