கோமார் சுரண்டிய பெயர்

எங்கள் ஆண்ட்வெர்ப் நகரத்தில் செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் பிழைத்தவர்கள் அப்போது நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் மிக மோசமானவன் கோமார் என்று சொல்ல மாட்டேன். அவனைவிட மோசமாகச் செதுக்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

கோமாரின் அப்பா துறைமுகத்தில் உப்பு மீன் விற்றவர். மீன் பீப்பாய் நாற்றம் தனக்குக் கேவலம் என்று பதினான்கு வயதில் ஒரு செதுக்குபவரிடம் வேலை பழகச் சேர்ந்தான். ஆறு வருடத்தில் அவன் கற்றது புல், மேகம், தூரத்துக் கடல், அவ்வளவுதான். முகம் வராது. விரல் வரவே வராது. அவன் செதுக்கிய மாதா ஒருத்தி ஐந்து காரட்டுகளால் குழந்தையைப் பிடித்திருப்பாள். அதற்கு அடியில் "கோமார் செதுக்கியது" என்று மாதாவின் பாதத்தைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

டிக்னாவை அவன் கட்டிக்கொண்டதும் அவள் வீட்டில் இருந்த அச்சு இயந்திரத்துக்காகத்தான். படங்களை அச்செடுத்தவள் டிக்னா. செதுக்கியவர் அவள் அண்ணன் ஹூப்ரெஹ்ட். நெஞ்சுநோய்க்காரரான அவர் வாழ்நாள் முழுவதும் வியாபாரிகளுக்காகவே உழைத்தார். அந்தப் படங்களில் வியாபாரிகளின் பெயர்தான் இருக்கும். கடைசியில் தனக்கென்று ஒரே ஒரு தகடு செதுக்கினார். மூன்று வருட வேலை. பாலைவனத்தில் துறவி ஒருவர் படித்துக்கொண்டிருப்பார், அவர் காலடியில் ஒரு சிங்கம். மூலையில் நகமளவுக்கு அவர் பெயர். பன்னிரண்டு பிரதி எடுத்தார்கள், பன்னிரண்டும் ஸ்பெயினுக்குக் கப்பலேறின. அடுத்த பிப்ரவரியில் அவர் இறந்துபோனார்.

இரண்டு வருடம் கழித்துச் செதுக்குபவர்கள் சங்கத்தில் துணைத் தலைவர் பதவி காலியானது. நிற்க விரும்புகிறவர் தன் சிறந்த தகட்டையும் அதில் புதிதாக எடுத்த ஒரு பிரதியையும் கொண்டுவர வேண்டும். கோமாரிடம் சிறந்த தகடு என்று எதுவும் இல்லை. அதனால் ஹூப்ரெஹ்ட்டின் தகட்டை எடுத்துப் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரைச் செதுக்கினான்.

பிரதி எடுக்கும்போதுதான் டிக்னா பார்த்தாள்.

"என் அண்ணன் பேரு எங்க?"

"செத்தவனுக்கு எதுக்குடி பேரு? என் பேரு இருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் மரியாதை."

"இதுல நீங்க எதைச் செதுக்குனீங்க?"

"அந்த மேகம் நான் போட்டது."

"அதையும் அண்ணன்தான் திருத்துச்சு."

அவள் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சுரண்டிய பள்ளத்தில், கோமாரின் எழுத்துகளுக்கு நடுவே, ஹூப்ரெஹ்ட்டின் எழுத்துகள் மயிரிழைபோல இன்னும் தெரிந்தன. சங்கத்துப் பெரியவர்கள் பார்த்தால் அந்தப் பெயரையே மறுபடி போடச் சொல்வார்கள் என்று நம்பினாள். தகட்டைத் தானே துணியில் சுற்றிச் சங்கத்துக்குத் தூக்கிப் போனாள். கனமான வேலை என்பதால் கோமார் தடுக்கவில்லை.

சங்கத் தலைவர் லேனார்ட் பிரதியை ஒரு பார்வைதான் பார்த்தார்.

"என்னப்பா கோமாரு, உன் பேருக்கு மட்டும் மழை மேகம் கட்டியிருக்கு?"

"மை கொஞ்சம் கூடிப்போச்சுங்கய்யா."

"மை கூடலை. நீ தட்டலை."

தகட்டைச் சுரண்டினால் அந்த இடம் குழியும். பின்பக்கம் சுத்தியலால் தட்டிக் குழியை மேலே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அங்கே மை தங்கி, படத்தில் சாம்பல் கறையாக விழும். பழக வந்த முதல் வருடத்திலேயே சொல்லித்தருவது இது. பெயரைத் திருடுகிற சிரமத்தைப் பட்ட கோமாருக்குத் தகட்டைத் திருப்பிப் போடச் சோம்பல்.

"உன் பேருக்கு அடியில யாருப்பா படுத்திருக்கா?"

கோமார் பதில் சொல்லுமுன் டிக்னா சொன்னாள். "என் அண்ணன் ஹூப்ரெஹ்ட்டுங்க. இந்தத் தகடு அவரோடது."

லேனார்ட் தாடியைத் தடவினார். "அது உங்க வீட்டு விஷயம்மா. தகடு யார் கையில இருக்கோ அவன் பேரு. வேலை சுத்தமா இருக்கான்னு பாக்குறதுதான் எங்க வேலை." பிறகு கோமாரைப் பார்த்து, "தட்டிச் சமமாக்கி, மெருகு போட்டு வெள்ளிக்கிழமை கொண்டா. சுவத்துல மாட்டிரலாம்" என்றார்.

கூட இருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டுத் தகடுகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை கோமார் தகட்டைப் புத்தகப் பக்கம்போலப் புரட்டிப் பட்டறைக்கல்லில் கவிழ்த்தான். முன்பக்கத்துக் குழிக்கு நேராகப் பின்பக்கத்தில் புள்ளி வைக்க இரண்டு கால் கவட்டைக் கருவி ஒன்று உண்டு. அதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்று அவன் தொடவில்லை. தகட்டின் முன்பக்கத்தில் பெயர் இடது மூலையில் இருந்தது அவனுக்கு நினைவிருந்தது. அதனால் இடது மூலையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டான். புரட்டிய தகட்டில் அந்தப் பெயர் வலது மூலைக்குப் போயிருந்தது. இடது மூலைக்கு அடியில் இருந்தது சிங்கத்தின் முகம்.

"சரியா இருக்கா பாரு" என்றான்.

டிக்னா பார்த்தாள். வட்டத்தை மாற்றிப் போடச் சொன்னால் சிங்கம் பிழைக்கும், ஆனால் மெருகு ஏறியதும் அண்ணனின் கடைசி எழுத்தும் மறைந்துவிடும். பிறகு அந்தத் துறவியும் சிங்கமும் கோமாருடையவைதான். சங்கச் சுவர் இருக்கும்வரை.

"துணைத் தலைவர் ஆகப்போறவங்க நீங்க. என்கிட்ட கேக்குறீங்களே" என்றாள்.

அவனுக்கு அது பிடித்திருந்தது. நாற்பது அடி அடித்தான்.

திருப்பினால் சிங்கத்துக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல இருந்தது. பதறிப்போய் மெருகுக்கோலால் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கப் பிடரி போனது, பிறகு கண் போனது, மூக்கு போனது. பெயர் இருந்த குழி அப்படியே கிடந்தது.

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"மாஸ்டருக்குப் பாடம் சொல்ற அளவுக்கு நான் படிக்கலைங்க."

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். பதவி வேறொருவருக்குப் போனது. செம்பு மட்டமான செம்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். மீதி இருபது வருடமும் மருந்துக்கடைச் சீட்டு செதுக்கினான். இஞ்சி, லவங்கம், பேதி மருந்து எல்லாவற்றின் அடியிலும் "கோமார் செதுக்கியது".

டிக்னா அந்தத் தகட்டைப் பாத்திரக் கொல்லனிடம் எடைக்குப் போட்டாள். வந்த பணம் அப்படியே கோவிலுக்குப் போனது. ஒவ்வொரு பிப்ரவரியும் ஒரு பூசை, அதில் பாதிரியார் உரக்கப் படிக்க வேண்டும்: "செதுக்குபவர் ஹூப்ரெஹ்ட்டுக்காக." அண்ணன் பெயர் ஒலிக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மச்சான் என்ற முறைக்கு கோமாரும் பக்கத்தில் மண்டியிட்டாக வேண்டும். மண்டியிட்டபடியே, தன் புதுக் கழுத்துப்பட்டையை யார் யார் பார்க்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பான்.